நீதிமன்றத்திடம் தகவல் கேட்பது: எது கிடைக்கும், எது கிடைக்காது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்றத்துக்குப் போகும் ஆர்டிஐ (தகவல் பெறும் உரிமைச் சட்ட) மனுக்களில் பல, கேட்ட விஷயம் ரகசியம் என்பதற்காகத் திரும்புவதில்லை. நகல் பிரிவில் கொடுக்கவேண்டிய மனு தகவல் அலுவலரிடம் போயிருக்கும். அல்லது தகவல் கேட்பதாக நினைத்து விளக்கம் கேட்டிருப்பார்கள். உண்மையிலேயே மூடிவைக்கப்பட்ட விஷயங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டப்பிரிவோ ஒரு நீதிமன்ற உத்தரவோ இருக்கவேண்டும். அதைத் தேடிப் பிடிக்க இந்தப் பக்கம் உதவும்.

நீதிமன்றங்களுக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(எச்)-இன்படி, அரசமைப்புச் சட்டத்தாலோ நாடாளுமன்ற, சட்டமன்றச் சட்டங்களாலோ அமைக்கப்பட்ட எல்லா அமைப்புகளும் பொது அதிகார அமைப்புகளே. தலைமை நீதிபதியின் அலுவலகமும் இதில் அடங்குமா என்ற சர்ச்சை நீண்டகாலம் நடந்தது. உச்ச நீதிமன்றம் தன் சொந்த வழக்கையே விசாரித்து, 2019 நவம்பர் 13 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வில் "அடங்கும்" என்று முடித்துவைத்தது (சுபாஷ் சந்திர அகர்வால் வழக்கு).

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பிரிவு 28-இன்படி, உச்ச நீதிமன்றத்துக்கு இந்தியத் தலைமை நீதிபதியும் உயர் நீதிமன்றங்களுக்கு அந்தந்தத் தலைமை நீதிபதியும் தனி விதிகள் வகுத்துக்கொள்ளலாம். கட்டணம், படிவம், கட்டணம் செலுத்தும் முறை எல்லாம் அதன்படிதான். மாநில அரசு அலுவலகத்துக்கு எழுதும் அதே பாணியில் உயர் நீதிமன்றத்துக்கும் அனுப்பிவிட்டு, கட்டணம் சரியில்லை என்று மனு திரும்பி வந்து நிற்பவர்கள் அநேகம். அனுப்பும் முன் அந்த நீதிமன்றத்தின் விதிகளை இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு வழக்கின் தீர்ப்பையோ மனுவையோ ஆர்டிஐயில் வாங்கலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 4 அன்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வழக்குக் கட்டில் உள்ள ஆவணங்களை அந்த நீதிமன்றத்தின் நகல் விதிகள் வழியாகவே பெறவேண்டும், அப்படி ஒரு வழி இருக்கும்போது ஆர்டிஐ வழியை நாட முடியாது. ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 22 மற்றச் சட்டங்களை மீறி நிற்கும் என்ற வாதம் எடுபடவில்லை. நகல் விதிகள் தகவலை மறுக்கவில்லை, வேறொரு நடைமுறையைத்தான் சொல்கின்றன. ஆகவே முரண்பாடே இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை.

இந்தத் தீர்ப்பில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை. ஆர்டிஐயில் காரணம் சொல்லத் தேவையில்லை, நகல் மனுவில் மூன்றாம் நபர் காரணம் சொல்லியாகவேண்டும். குடிமகன் பக்கம் நின்று பார்த்தால் இது சின்ன வேறுபாடு இல்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். இதை எதிர்த்து மேல்முறையீட்டில் ஆறு மாதம் செலவழிப்பதைவிட நகல் மனு போடுவது விரைவு.

நகல் மனு போடுவது எப்படி?

முதலில் வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர், உத்தரவு தேதி ஆகியவற்றைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ கட்சிக்காரர் பெயரைக் கொண்டு தேடினால் வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சிஎன்ஆர் எண் கிடைக்கும். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு நீதிமன்ற எண், வழக்கு வரிசை எண், கடைசி நான்கும் ஆண்டு. வெறுமனே படித்துப் பார்க்க மட்டும் என்றால் பெரும்பாலான உத்தரவுகள் அங்கேயே இருக்கும். மேல்முறையீட்டுக்கோ இன்னொரு வழக்கில் தாக்கல் செய்யவோ என்றால் சான்றிட்ட நகல் வேண்டும்.

நகல் பிரிவில் மனு கொடுத்ததும் அதற்கு ஓர் எண் விழும். அலுவலகம் பக்கங்களைக் கணக்கிட்டு, எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டும். குறித்த நாளுக்குள் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். தகவல் வீட்டுக்கு வராது. பலகையை நீங்களோ வழக்கறிஞரின் குமாஸ்தாவோ பார்த்தால்தான் உண்டு. பாதி நகல் மனுக்கள் செத்துப்போவது இங்கேதான்.

நகல் கையில் வந்ததும் அதில் உள்ள தேதிகளைப் படியுங்கள்: விண்ணப்பித்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். காலவரையறைச் சட்டம் பிரிவு 12 நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துவிடும். ஆனால் நீங்கள் முத்திரைத்தாள் செலுத்தத் தாமதித்த நாட்களை உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நகலுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தீர்ப்பாணை (டிக்ரி) தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்களும் கழியாது. தீர்ப்பாணை தயாராகட்டும், பிறகு போடலாம் என்று காத்திருக்காதீர்கள். தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுவதுதான் பாதுகாப்பு.

நான் வழக்கில் ஒரு தரப்பு இல்லை. எனக்கு நகல் தருவார்களா?

தருவார்கள், ஆனால் கேட்டதும் கிடைக்காது. மனுவுடன் ஒரு பிரமாணப் பத்திரம் இணைக்கவேண்டும். நீங்கள் யார், எந்த ஆவணம், எதற்காக என்பது அதில் இருக்கவேண்டும். நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே நகல் பிரிவு கையை அசைக்கும்.

"பொதுநலன் கருதி" என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும். "மேற்படி வழக்கில் விவரிக்கப்பட்ட சொத்தின் வடக்குப் பகுதியை நான் வாங்கியிருக்கிறேன், தடையுத்தரவு எந்த எல்லைவரை பொருந்துகிறது என்று அறிய உத்தரவும் சொத்து விவரப் பட்டியலும் தேவை" என்று எழுதினால் மறுப்பது கடினம். வழக்குக் கட்டு முழுவதையும் கேட்காதீர்கள். தீர்ப்பு, உத்தரவு போன்றவை எளிதில் கிடைக்கும். எதிர்த் தரப்பு தாக்கல் செய்த வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று போன்றவற்றைக் கேட்டால் மொத்த மனுவுக்கும் ஆபத்து.

குற்றவியல் தீர்ப்புகளைப் பொறுத்தவரை, தீர்ப்பால் பாதிக்கப்படாத நபருக்கும் கட்டணத்தின்பேரில் நகல் தர உயர் நீதிமன்றம் விதி வகுக்கலாம் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 404-லேயே இருக்கிறது.

அப்படியானால் ஆர்டிஐயில் நீதிமன்றத்திடம் கேட்பதற்கு என்னதான் இருக்கிறது?

நிர்வாகப் பக்கம் முழுவதும் இருக்கிறது. காலிப் பணியிடங்கள், பணியாளர் தேர்வில் உங்கள் விடைத்தாளும் மதிப்பெண்ணும், கட்டட ஒப்பந்தங்கள், கொள்முதல் செலவு, வாகனச் செலவு, பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு அமைக்கப்பட்டதா என்பது, எத்தனை புகார்கள் வந்தன என்ற எண்ணிக்கை, சுற்றறிக்கைகள், பழைய கட்டுகளை அழிப்பதற்கான விதிகள். வழக்கு நிலுவை எண்ணிக்கைக்கு மட்டும் மனு தேவையில்லை; தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் மாவட்டவாரியாக, வழக்கின் வயதுவாரியாக அது கிடைக்கிறது.

கேள்வியை எப்படி எழுதவேண்டும்?

மிக அதிகமாகத் தள்ளுபடியாகும் வடிவம் இது: "என் வழக்கை ஏன் ஏழு வருடமாக இழுத்தடிக்கிறீர்கள்? யார் பொறுப்பு?" இதில் ஆவணம் எதுவும் கேட்கப்படவில்லை. சட்டப்படி தகவல் என்றால் ஏற்கெனவே பதிவில் இருப்பது. புதிதாகக் காரணம் எழுதித் தருவது தகவல் அலுவலரின் வேலை இல்லை.

அதே ஆதங்கத்தை இப்படி எழுதலாம்: "1.1.2023 முதல் 31.12.2024 வரை மேற்படி நீதிமன்றத்தில் நீதிபதி பணியிடம் காலியாக இருந்த காலத்தைக் காட்டும் ஆவணத்தின் நகல். அக்காலத்தில் பொறுப்பு நீதிபதியை நியமித்த உத்தரவுகளின் நகல்." இதற்குப் பதில் வந்தே தீரவேண்டும். வழக்கு எண்ணை இதில் குறிப்பிடாதீர்கள். குறிப்பிட்டால், நீதித்துறைப் பக்கத் தகவல் என்று சொல்லி ஒதுக்க வழி திறந்துவிடுவீர்கள்.

காரணம் எழுதத் தேவையில்லை; பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் காரணம் சொல்லவேண்டும் என்று தீர்ப்பில் எழுதியது. பிரிவு 6(2) கவனத்துக்கு வராமல் போனதைச் சில நாட்களிலேயே உணர்ந்து, தானாகவே அந்தப் பகுதியை நீக்கியது. முதலில் வந்த வாசகத்தை யாராவது காட்டி மறுத்தால், நீக்கிய உத்தரவைச் சுட்டிக்காட்டுங்கள்.

கட்டணமும் காலக்கெடுவும் எவ்வளவு?

கட்டணம் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும். ஆனால் உச்சவரம்பு உண்டு: சில உயர் நீதிமன்றங்கள் மிக அதிகமாக வசூலித்ததை எதிர்த்த வழக்கில், 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாயையும் நகல் கட்டணம் சாதாரணமாகப் பக்கத்துக்கு 5 ரூபாயையும் தாண்டக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றத்துக்கு 2022 நவம்பரிலிருந்து இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம்.

பதில் 30 நாளில் வரவேண்டும். உயிர், சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரம். மூன்றாம் நபரைப் பற்றிய தகவல் என்றால் அவருக்கு 5 நாளில் அறிவிப்பு போகும், அவர் 10 நாளில் பதில் சொல்லலாம், முடிவு 40 நாளுக்குள். கெடு தாண்டிவிட்டால் நகலை இலவசமாகத் தரவேண்டும் (பிரிவு 7(6)). இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

"வழக்கு நிலுவையில் இருப்பதால் தர இயலாது" என்று பதில் வந்தால்?

அந்தக் காரணம் சட்டத்தில் இல்லை. பிரிவு 8(1)(பி) சொல்வது இரண்டுதான்: வெளியிடக் கூடாது என்று நீதிமன்றமோ தீர்ப்பாயமோ வெளிப்படையாகத் தடை செய்த தகவல், வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகக்கூடிய தகவல். முதல் வகை என்றால் தடை உத்தரவின் தேதியும் எண்ணும் இருந்தாகவேண்டும். மேல்முறையீட்டில் அதைத்தான் கேளுங்கள்: "எந்த உத்தரவு? அதன் நகலைத் தரவும்." விவரம் இல்லாத மறுப்பு பெரும்பாலும் இந்த ஒரு வரிக்கே தளர்ந்துவிடும்.

காவல்துறையின் மறுப்பு பிரிவு 8(1)(எச்)-இன் கீழ் வரும். அங்கும், விசாரணை நடக்கிறது என்று சொன்னால் போதாது. தகவலைத் தருவது விசாரணையை எப்படிக் கெடுக்கும் என்று காட்டவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

நீதிபதி ஏன் இப்படித் தீர்ப்பளித்தார் என்று கேட்கலாமா? அவர் எழுதிய குறிப்புகளைப் பார்க்கலாமா?

இரண்டும் முடியாது. தீர்ப்பின் காரணம் தீர்ப்பிலேயே இருக்கிறது. போதவில்லை என்றால் வழி மேல்முறையீடுதான் என்று 2010-இல் கானபுரம் கண்டையா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணையின்போது நீதிபதி தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பும் வரைவுத் தீர்ப்பும் நீதிமன்றப் பதிவேடு ஆகாது என்பது அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்ற முழு அமர்வின் முடிவு. இந்த மூடல் நியாயமானது என்றே படுகிறது. வரைவில் ஒரு கருத்தை எழுதி, யோசித்து, அடித்துவிட்டு வேறொன்று எழுதும் சுதந்திரம் இல்லாத நீதிபதியிடம் யாருக்கும் வழக்கு நடத்தப் பிடிக்காது.

எந்த வழக்குகளில் கதவு உண்மையிலேயே மூடியிருக்கும்?

பொதுவிதி திறந்த நீதிமன்றம்தான். 1966-இல் மிராஜ்கர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தபோதே, நீதிக்குத் தேவைப்பட்டால் நீதிமன்றம் கதவைச் சாத்தலாம் என்றும் சொன்னது. 1994-இல் நக்கீரன் ராஜகோபால் தொடுத்த வழக்கில், நீதிமன்ற ஆவணங்கள் பொது ஆவணங்கள், அவற்றை வைத்து எழுதுவதற்கு அந்தரங்க உரிமை தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயருக்கு அந்தத் தீர்ப்பே விதிவிலக்குக் கொடுத்துவிட்டது.

வல்லுறவு வழக்குகளின் விசாரணை தனியறையில் நடக்கும் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 366). பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72-இன்படி இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் பிரிவு 23, 37. சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்களுக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 74. திருமண வழக்கில் இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 22 தனியறை விசாரணையை விதிக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டாலே போதும். சமரச மையத்தில் பேசப்பட்டதும் ரகசியம். பின்னால் வழக்கில் அதை எடுத்துக்காட்டவும் முடியாது.

இங்கே தவறு நடப்பது பெயரில் மட்டுமில்லை. பெயரை மறைத்துவிட்டு, ஊர், பள்ளி, வகுப்பு, அப்பாவின் தொழில் என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் இருக்குமா? பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளம் தெரியும்படியான எந்த விவரமும் கூடாது, பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் இதே விதிதான் என்று 2018 டிசம்பர் 11 அன்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கொலையுண்ட சிறுமியின் படத்தை அஞ்சலி வாசகத்துடன் வாட்ஸ்அப்பில் பரப்புவதும் இந்தக் குற்றத்துக்குள் வரும்.

நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி எழுதலாமா?

நியாயமான, துல்லியமான செய்தி நீதிமன்ற அவமதிப்பு ஆகாது (1971 சட்டம், பிரிவு 4). தனியறை விசாரணைக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. பிரிவு 7-ஐயும் படிக்கவேண்டும். வழக்கின் நியாயம் கெட்டுப்போகும் என்ற உண்மையான ஆபத்து இருந்தால், குறுகிய காலத்துக்குச் செய்தியைத் தள்ளிவைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது 2012 சஹாரா தீர்ப்பு.

முத்திரையிட்ட உறையில் அரசு கொடுப்பதை எதிர்த் தரப்பும் பார்க்க முடியாதா?

நீண்டகாலம் அப்படித்தான் நடந்தது. மீடியாஒன் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்ட வழக்கில், காரணம் உறைக்குள் இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் அதை மட்டும் பார்த்து அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் ஒருவர் எப்படி வாதாடுவார்? 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்துவிட்டால் இயற்கை நீதி ஒதுங்கிவிடாது என்றது.

இப்போதைய நடைமுறை: அரசு, பொதுநலன் கருதி விலக்குக் கோரவேண்டும், அதைப் பரிசோதிக்க நீதிமன்றம் ஒரு நடுநிலை வழக்கறிஞரை நியமிக்கலாம், மறைக்கவேண்டிய வரிகளை மட்டும் கறுப்படித்து மீதியைத் தர முடியுமா என்று பார்க்கவேண்டும். உங்கள் வழக்கில் உறை வந்தால் வழக்கறிஞர் அன்றே எழுத்துமூலம் ஆட்சேபித்து, குறைந்தபட்சம் சுருக்கத்தையாவது கேட்கவேண்டும். வாய்தா முடிந்த பிறகு கேட்டுப் பயன் குறைவு.

எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை?

எஃப்ஐஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றவேண்டும் என்பது 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவை நீங்கலாக. உங்கள் எஃப்ஐஆர் தளத்தில் இல்லை என்றால் அந்த வகைக்குள் வைத்திருக்கலாம். குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, ஏற்றத் தேவையில்லை என்று 2023 ஜனவரி 20 அன்று தீர்ப்பாகிவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவருக்கும், வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதன் நகல் இலவசம்; குற்றம்சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் தரவேண்டும்.

கொலீஜியம் விவாதம், நீதிபதிகளின் சொத்து விவரம், நீதிபதிமீதான புகார்?

நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்தின் முடிவுகள் 2017 அக்டோபரிலிருந்து உச்ச நீதிமன்றத் தளத்தில் வருகின்றன. உள்ளே நடந்த விவாதம் வராது. 2018 டிசம்பர் 12 கூட்டத்தைப் பற்றி ஆர்டிஐ ஆர்வலர் அஞ்சலி பரத்வாஜ் தொடுத்த வழக்கில், இறுதித் தீர்மானமாகக் கையெழுத்தாகாத எதையும் வெளியிடத் தேவையில்லை என்று 2022 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பேசி, முடிவாகாமல் போன விஷயம்தான் பெரும்பாலும் மக்கள் அறிய விரும்புவது. அந்த ஜன்னல் இப்போதைக்குச் சாத்தியிருக்கிறது.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரங்களை 2025 மே மாதம் தளத்தில் ஏற்றினார்கள். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள்மீதான உள்விசாரணை அறிக்கை வெளிவராது (இந்திரா ஜெய்சிங் வழக்கு, 2003). கீழமை நீதிபதிகள்மீதான புகார்களில் எண்ணிக்கையும் நடவடிக்கையின் வகையும் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. பெயரோடு கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று நிற்கும்.

தனிப்பட்ட தகவல் என்ற விலக்கு இப்போது மாறிவிட்டதாமே?

ஆமாம், இதுதான் சமீபத்தில் நடந்த பெரிய மாற்றம். முன்பு பிரிவு 8(1)(ஜே)-இல், பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றி நுழையும் தகவலுக்குத்தான் விலக்கு. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை யாருக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் இருந்தது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3) இவற்றையெல்லாம் வெட்டிவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

மிச்சம் இருப்பது பிரிவு 8(2): வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம். முன்பு மேல்முறையீட்டில் சொன்ன பொதுநலக் காரணத்தை இனி முதல் மனுவிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுவது நல்லது. காரணம் சொல்லக் கட்டாயம் இல்லைதான். ஆனால் சொல்லாவிட்டால் அலுவலருக்கு எடைபோட எதுவும் இருக்காது. கூடவே பிரிவு 10-ஐக் குறிப்பிட்டு, பெயர்களை மறைத்து மீதியைத் தரும்படி கேளுங்கள்.

வழக்கில் விடுதலையாகிவிட்டேன். தீர்ப்பிலிருந்து என் பெயரை நீக்க முடியுமா?

இப்போதைக்கு உறுதியான வழி இல்லை. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, கோரிக்கையின் நியாயத்தைப் புரிந்துகொண்டும், தெளிவான விதிகள் இல்லை என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் அதே வழக்கின் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை நீக்க உத்தரவிட்டது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வழக்கு நடக்கும்போதே பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தால் மட்டும் குறிப்பிடக் கேட்டு மனு போட்டால் வாய்ப்பு அதிகம்.

மறுப்பு வந்துவிட்டது. அடுத்து?

மறுப்புக் கடிதத்தில் காரணம், மேல்முறையீட்டுக் கெடு, மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றும் இருக்கவேண்டும் (பிரிவு 7(8)). முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள். அது 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடியவேண்டும். இரண்டாம் மேல்முறையீடு தகவல் ஆணையத்துக்கு, 90 நாளுக்குள். தாமதத்துக்குத் தகவல் அலுவலர்மீது நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்தால் முடியும்.

மேல்முறையீட்டில் புதிய கேள்வி சேர்க்காதீர்கள். அது ஒன்றே தள்ளுபடிக்குப் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, வந்த பதில், அவர்கள் சொன்ன பிரிவு, அது ஏன் பொருந்தாது என்று மூன்று வரி எழுதுங்கள். அஞ்சல் ரசீது, ஒப்புகை அட்டை, உறை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கெடு கணக்கில் தகராறு வந்தால் உறைமேல் உள்ள அஞ்சல் முத்திரைதான் சாட்சி.